நிதானிப்புக்கு ஒப்புக்கொடுத்த வாக்கு

2020ஆம் ஆண்டு பிறந்த நள்ளிரவில், தமிழ்நாட்டின் எத்தனையோ ஆராதனை மேடைகளிலிருந்து, பிறக்கும் வருஷம் பெருக்கத்தின் வருஷம், அடைபட்ட வாசல்கள் திறக்கும் வருஷம் என்று கர்த்தரின் நாமத்தினால் வாக்குகள் உரைக்கப்பட்டன. மார்ச் 25ஆம் தேதி தேசமெங்கும் ஊரடங்கு அமலாகி, ஆலய வாசல்களே பூட்டப்பட்ட பிறகு, அவ்வாறு உரைத்தவர்களில் எத்தனை பேர் தம் சபையார் முன் நின்று, தாம் பிழையாகச் சொல்லிவிட்டதாக ஒப்புக்கொண்டார்கள்? அடுத்த வருஷப் பிறப்புக்குப் புதிய வாக்குத்தத்த அட்டைகள் அச்சாகி வந்தன. வாக்குப் பிழைத்ததைக் காட்டிலும், பிழைத்த பின் நிலவிய அந்த மௌனமே மனத்தை அதிகமாக வருத்துகிறது. தன் வாக்கைச் சபையாரின் நிதானிப்புக்கு ஒப்புக்கொடுத்து, தவறினால் அதே சபையில் திருத்திக்கொள்ளத் துணிகின்ற மனமே தீர்க்கதரிசன ஊழியத்தின் பக்குவம் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

வேதாகமம் இதில் தெளிவாகவே பேசுகிறது. தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்று பேர் பேசட்டும், மற்றவர்கள் அதை நிதானித்துப் பார்க்கட்டும் என்று கொரிந்து சபைக்கு ஒழுங்கு வகுத்தவர் பவுல். ஆலயம் கட்ட விரும்பிய தாவீதிடம், மனத்திலுள்ளபடியே செய்யும் என்று சொல்லிவிட்ட நாத்தான், அன்றிரவே வேறு வார்த்தை உண்டானபோது, அரசனுக்குச் சொன்ன சொல்லை அரசனிடமே திரும்பப் போய் மாற்றிச் சொன்னான். அதனால் அவன் ஸ்தானம் குறைந்துவிடவில்லை. எகிப்துக்குத் தப்பிப்போகத் துடித்த ஜனங்கள் சூழ்ந்து நின்று பதில் கேட்டபோது, எரேமியா பத்து நாள் காத்திருந்தான். ஆதிச் சபையின் ஒழுங்கு நூலாகிய டிடாக்கேயோ, ஆவியில் பேசுவதாகச் சொல்லித் தனக்கென்று பணம் கேட்பவனுக்குச் செவிகொடுக்கக் கூடாது என்று விதிக்கிறது. சொன்னவர் யாராயினும் சொல்லப்பட்டதன் உண்மையை ஆராய வேண்டும் என்பது வள்ளுவர் நமக்குப் படிப்பித்த பாடமும் அல்லவா?

ஆவியை அவித்துப்போடாதிருங்கள் என்ற அப்போஸ்தலக் கட்டளையை எடுத்துக்காட்டுவோர் உண்டு. அது மறுக்க முடியாத கட்டளை. ஆயினும் எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்பதும் அதே நிருபத்தில் அதை அடுத்தே நிற்கிறது.

தென்னிந்தியச் சபைச் சரித்திரமும் இதற்குச் சாட்சி சொல்கிறது. மிஷனெரி ரேனியுஸ் ஐயரிடம் பயின்ற அருளப்பன், கிறிஸ்தியான்பேட்டையில் நடத்திவந்த சிறு சபையில், 1860இல் பேரெழுப்புதல் உண்டாயிற்று. எளியவர்களும் பெண்களும் தீர்க்கதரிசனம் உரைத்தார்கள். அவ்வெழுப்புதலின் தாக்கம் பின்னர் மலையைக் கடந்து திருவிதாங்கூரையும் எட்டியது. அங்கே, பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குலத்தில் பிறந்து, 1861இல் ஞானஸ்நானம் பெற்று, குருப்பட்டமும் அடைந்த யூஸ்துஸ் யோசேப்பு, கல்வியிலும் கீர்த்தனம் இயற்றுவதிலும் சிறந்தவர். 1875இல், ஆறு வருஷத்தில் கிறிஸ்து திரும்பி வருவார் என்று பரவசத்தில் பிறந்த வாக்கொன்றை அவரும் அவரைச் சேர்ந்தோரும் ஏற்றுப் பிரசித்தப்படுத்தினார்கள். குறித்த நாள் 1881 அக்டோபர் 2. அந்நாள் வந்தது, போயிற்று. மறுநாள் காலையில், தவறினோம் என்ற ஒரு சொல் அவர்கள் வாயிலிருந்து வந்திருக்குமானால், அந்த எழுப்புதல் முழுவதும் நகைப்புக்கு இடமாகாமல் தப்பியிருக்கக்கூடும். மாறாக, வருகை ஆவிக்குரிய விதத்தில் நிறைவேறிவிட்டது என்று வியாக்கியானம் பிறந்தது. யுயோமயம் என்ற தனி மார்க்கமும் உண்டாயிற்று. 1887இல் அவர் காலமானார். பக்தியோ புலமையோ அவரிடம் குறைவாக இருந்ததில்லை. உடனிருந்து தடுத்து நிதானிக்கும் சபைதான் இல்லாமற்போயிற்று.

அந்த மலைத்தொடருக்கு இப்புறம், கம்பம் பள்ளத்தாக்கின் காமயகவுண்டன்பட்டியில், திராட்சைப் பந்தலுக்குக் கீழே ஒரு நாழிகை நின்று பார்ப்பவருக்கு ஓர் உண்மை புலப்படும். கவாத்து முடிந்து வாரங்கள் பல சென்ற பின், பச்சைக் குலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கருஞ்சிவப்பு ஏறத் தொடங்கும். நிறம் முந்திக்கொள்ளும், இனிப்போ பின்னால்தான் வரும். அனுபவமுள்ள சம்சாரி வியாபாரியின் அவசரத்துக்கு இணங்காமல், ஒரு பழத்தைக் கிள்ளி வாயிலிட்டுப் பார்த்த பிறகே அறுப்புக்கு ஆள் சொல்வார். வரம் பெற்ற இளைஞனின் வாயில் முதல் வாக்குப் பிறந்தவுடனே அவன் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்துவிடும் சபை, அந்தப் பொறுமையையும் கைவிட்டுவிடுகிறது.

அதன் விலையைக் கொடுப்பவர் யார்? விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பம்மெட்டு வழியாக ஏலத் தோட்டத்துக்குக் கூலிக்குச் செல்லும் ஒரு தாயிடம், மூன்று மாதத்தில் உன் மகனுக்கு உத்தியோகம் என்று கர்த்தர் சொல்லுகிறார் என உரைத்தால், அவள் அதைக் கணக்கில் வைத்து வட்டிக்குக் கடன் வாங்குவாள். நான்காம் மாதம் பிறக்கும்போது, உன் விசுவாசம் போதவில்லை என்று பழியை அவள் தலையில் சுமத்துவதைப்போன்ற கொடுமை வேறொன்று உண்டோ? தேவநாமத்தை வீணிலே வழங்கலாகாது என்ற கற்பனையை மீறியவர் அங்கே அவளல்லவே.

ஆகவே ஒவ்வொரு சபையும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கட்டும். உரைத்தவர் பெயர், தேதி, வாக்கு ஆகியவற்றை அதில் எழுதி, மூப்பர் இருவர் கையொப்பமிடட்டும். திருமணம், கடன், வைத்தியம், உத்தியோகம் பற்றிய தனி வாக்குகள் மூப்பர் முன்னிலையில் அன்றிச் சொல்லப்பட வேண்டாம். டிசம்பர் 31 இரவு, புதிய வாக்குத்தத்தம் அறிவிக்கப்படுவதற்கு முன்னே, காணிக்கைக் கணக்கு வாசிக்கும் அதே குரலில், அந்தப் புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்து வாசிக்கட்டும்.