சமையல் மேடையும் மனச்சாட்சியும்

ஒரு பொருளுக்கு விலை கொடுத்துவிட்டால் அதைப் பற்றிய நம் கடமை தீர்ந்துவிட்டதா? தீர்ந்தது என்றே கணக்குப் புத்தகம் சொல்லும். மனச்சாட்சியும் அவ்வாறே சொல்லுமா என்பதுதான் நாம் ஈண்டு ஆராயப் புகும் விஷயம். இதற்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகவும் சாதாரணமானது. வாசகர்களில் பலருடைய வீட்டில் நாள்தோறும் கைபட்டுத் தேய்வது. அதுதான் சமையல் மேடை.

இரண்டாம் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு நினைவாக 1953-இல் பெயர் பெற்ற குவீன்ஸ்டவுன், சிங்கப்பூரின் முதல் துணைநகரம் என்பதை அன்பர்கள் அறிவர். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-இல் முதன்முதலாகக் கட்டி முடித்த அடுக்கு வீடுகளும் அவ்வூரின் ஸ்டர்லிங் சாலையிலேயே எழுந்தன. அங்கு வாழும் நண்பர் ஒருவர் தம் வீட்டுச் சமையலறையைப் புதுப்பித்துக்கொண்டிருந்த நாளில் நாம் அவரைக் காணச் சென்றோம்.

பழைய மேடை பெயர்த்தெடுக்கப்பட்டுவிட்டது. புதிய கல் இரண்டு துண்டுகளாக வந்திறங்கி, சுவரின் மூலையில் ஒன்றோடொன்று சேரக் காத்திருந்தது. ஆனால் சுவர் நேர்மூலையாக இல்லை. ஒரு விரற்கடை கோணியிருந்தது. அளவெடுத்தவர் அதைக் கவனிக்கவில்லை போலும். ஆகவே கல்லை அங்கேயே அறுக்க வேண்டியதாயிற்று. புதுக்கோட்டைப் பக்கத்து இளைஞர் ஒருவர் கைஇயந்திரத்தை எடுத்தார். தண்ணீர் விட்டு அறுத்தால் கீழ்வீட்டுக்கு ஒழுகும், தரையும் பாழாகும் என்று உடனிருந்த மேற்பார்வையாளர் தடுத்துவிட்டார். உலர்ந்த கல்லின்மேல் சக்கரம் பாய்ந்தது. ஒரு நிமிஷத்திற்குள் அவ்வறை வெண்மேகமாகிவிட்டது. அவர் முகத்தில் இருந்தது ஒரு கைக்குட்டை மட்டுமே. நாமும் நண்பரும் கூடத்துக்கு ஓடி வந்து கதவைச் சாத்திக்கொண்டோம். அக்கம்பக்கத்தாரும் தத்தம் சன்னல்களைச் சாத்தினர்.

மாலையில் வேலை முடிந்தது. இரு துண்டுகளுக்கும் நடுவே கல்லின் நிறத்திலேயே பிசின் நிரப்பி, தேய்த்து, மெருகேற்றியிருந்தார்கள். நண்பர் கையால் தடவிப் பார்த்து, “இணைப்பே தெரியவில்லை!” என்று மகிழ்ந்தார். வெளியே குழாயடியில் அவ்விளைஞர் மாவு மில்லிலிருந்து வந்தவர்போல் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார். இருமல் ஓயவில்லை. “தம்பி, இந்தத் தூசி உடம்புக்கு ஆகாதே?” என்றோம். “பழகிப்போச்சுங்க அண்ணே” என்றார். அந்த ஒரு சொல் நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

நிற்க. சமையல் மேடை வீண் ஆடம்பரம் என்று சொல்வது நம் கருத்தன்று. அது ஒரு சீர்திருத்தமே. நம் பாட்டிமார் அடுப்பு தரையில் இருந்தது. தோட்டத்து லயங்களிலும் அப்படியே. குந்தியிருந்து ஊதுகுழல் ஊதி, புகையில் கண் கலங்கி, அம்மிக்கும் அடுப்புக்குமாக நூறு தரம் எழுந்து உட்கார்ந்து, முப்பது வயதிலேயே முதுகு வளைந்த பெண்மக்களை நாம் கண்டிருக்கிறோம். 1926-இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே லிஹாட்ஸ்கி என்னும் பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வகுத்தார். பெண்ணின் வீண் நடையையும் வீண் உழைப்பையும் குறைக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். இடுப்பளவு மேடையில் நிமிர்ந்து நின்று சமைப்பது பெண்ணின் உடலுக்குக் கிடைத்த விடுதலையில் ஒரு பங்கு. அதை விட்டுக்கொடுக்க நாம் ஒருப்படோம்.

ஆனால் ஒருத்தியின் முதுகிலிருந்து இறக்கிய பாரம் எங்கே போயிற்று? மறைந்துவிட்டதா, அல்லது வேறொருவன் மார்பில் ஏறி அமர்ந்ததா? இதுவே வினா.

கடைகளில் குவார்ட்ஸ் என்று விற்கப்படும் மேடைக்கல் மலையில் வெட்டிய கல் அன்று. கல்லைப் பொடித்துப் பிசினோடு குழைத்து அழுத்தி வார்த்தது. கறை படியாது, பல நிறங்களில் கிடைக்கும். ஆதலால் மக்கள் விரும்புகின்றனர். சலவைக்கல்லில் சிலிக்கா என்னும் பொருள் மிகக் குறைவு. கிரானைட்டில் ஓரளவு உண்டு. இந்த வார்ப்புக் கல்லிலோ 100-க்கு 90 பங்குக்கு மேலும் இருந்து வந்திருக்கிறது. அறுக்கும்போது எழும் தூசியில் கண்ணுக்குத் தெரிவது மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசியே கொடியது. அது நுரையீரலின் அடிக்குச் செல்லும். அதை விழுங்கி அழிக்க வரும் உயிரணுக்கள் தாமே அழியும். அவ்விடம் தழும்பாகிக் கெட்டிப்படும். சிலிக்கோசிஸ் என்னும் நோய் இதுதான். இதைத் தீர்க்கும் மருந்து இல்லை. வேலையை விட்ட பின்னும் நோய் வளர்வதுண்டு. பழகிப்போவது தொண்டைதான், நுரையீரல் ஒருநாளும் பழகுவதில்லை.

இஃது இன்று கண்டறிந்த செய்தியும் அன்று. இத்தாலிய வைத்தியர் ரமட்சினி 1700-இல் வெளியிட்ட தொழில்நோய் நூலிலேயே கல்தச்சரின் மூச்சுத் துன்பத்தைக் குறித்திருக்கிறார். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 1930-31-இல் ஹாக்ஸ் நெஸ்ட் என்னுமிடத்தில் மலையைக் குடைந்தபோது, உலர்ந்த பாறையையே துளைக்க விட்டனர். நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த கறுப்பின மக்கள். நம் காலத்தில் ஆஸ்திரேலியா, மேடைக்கல் அறுத்த இளந்தொழிலாளர் பலர் நோயுற்றதைக் கண்டு, 2024 ஜூலை 1 முதல் இக்கல்லை உலகிலேயே முதல் நாடாகத் தடை செய்துவிட்டது. சிங்கப்பூர்ச் சட்டத்திலும் சிலிக்கோசிஸ் தொழில்நோய்ப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது.

ஆகவே அறிவு இருக்கிறது. அறிவிருந்தும் தீங்கு நடக்குமானால் பொறுப்பு யாருடையது?

தொழிலாளியே தன்னைக் காத்துக்கொள்ளட்டும் என்பார் சிலர். முகமூடி அணிய அவருக்குக் கை இல்லையா என்று கேட்பர். கடன் வாங்கிக் கப்பலேறியவன் ‘மாட்டேன்’ என்று சொல்ல முடியுமா என்பதை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. மலாயாத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிந்தது. அதன் பின்னும் கங்காணியின் கடன் நம் பாட்டன்மாரைக் கட்டி வைத்திருந்தது. இன்று வருபவர் விமானத்தில் வருகிறார். ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் அவருடனேயே வருகிறது. அவர் வேலை அனுமதியும் ஒரு முதலாளியைச் சார்ந்தே நிற்கிறது. அன்னார் வாயிலிருந்து வரும் ‘பழகிப்போச்சு’ என்பதைச் சம்மதம் என்று கொள்வது அறமாகுமா?

முதலாளியும் சர்க்காரும் பார்த்துக்கொள்ளட்டும் என்பார் வேறு சிலர். அவர்கள் பொறுப்பே பெரிது என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆனால் அன்று அந்த வீட்டில் முதலாளியும் இல்லை, அதிகாரியும் இல்லை. இருந்தவர்கள் நாமும் நண்பருமே. சுத்தியல் ஓசையும் துளையிடும் ஓசையும் எந்த நேரத்துக்குமேல் எழக்கூடாது என்ற விதி நமக்குத் தெரியும். மீறினால் உடனே புகார் செய்வோம். நம் செவியைக் காக்கும் விதியை மனப்பாடம் செய்த நாம், அயலான் மூச்சைக் காக்கும் விதியைக் கேட்டறிந்தோமா? தூசி வந்ததும் கதவைச் சாத்தினோமே, அந்தச் செய்கையே நாம் உண்மையை அறிந்திருந்தோம் என்பதற்குச் சாட்சியன்றோ? நமக்கு ஆகாதது அவருக்கு மட்டும் ஆகும் என்று எந்தச் சாஸ்திரத்தில் படித்தோம்? சாதி ஒழிய வேண்டும் என்று மேடையேறிப் பேசுகிறோம். ஒருவன் உடம்பு வேறு, மற்றொருவன் உடம்பு வேறு என்று எண்ணும் எண்ணம் சாதியின் வேரன்றி வேறு யாது?

தடை விதித்தால் அத்தொழிலாளி பிழைப்பை இழப்பாரே என்ற கேள்வியும் நியாயமானதே. அது பற்றி அரசுகள் முடிவு செய்யட்டும். அதுவரை நம் கைக்கு எட்டிய காரியங்கள் உண்டு. சுவரின் கோணலை முன்கூட்டியே அட்டை அச்சில் பதிந்து அளந்தால், அறுப்பு முழுவதும் பட்டறையிலேயே முடியும். அங்கே தண்ணீர் பாய்ச்சி, தூசியை உறிஞ்சும் பொறி வைத்து அறுக்கலாம். முகத்துக்குப் பொருந்தும் சுவாசக் கவசமும் வேண்டும். கழுவுதொட்டிக்குத் துளையிடுவதையும் அங்கேயே முடிக்கலாம். மூலைகளை வளைவாக விட்டால் கல்லும் வெடிக்காது. சிலிக்கா குறைந்த கல்லோ, எஃகுத் தகடோ போதுமா என்றும் எண்ணிப் பார்க்கலாம். ஒப்பந்தக்காரரிடம் விலையைக் கேட்கும் அதே வாயால், “கல்லை எங்கே அறுப்பீர்கள்? தண்ணீர் விட்டு அறுப்பீர்களா?” என்று கேட்டால் நம் நாக்கு தேய்ந்துவிடாது. அதனால் சில வெள்ளி கூடினால், அதுவே அந்த மேடையின் உண்மை விலை. அதைக் குறைத்து வாங்கியபோதெல்லாம் மீதியை வேறொருவர் செலுத்தினார்.

இன்னொன்று. மேடையில் இணைப்புத் தெரிந்தால்தான் என்ன? இரு துண்டுகள் சேர்ந்த இடத்தில் மயிரிழைபோல் ஒரு கோடு இருப்பதால் சோறு வேகாமற் போகுமா? அதை மறைப்பதற்காகவே மீண்டும் மீண்டும் தேய்க்கிறார்கள். தேய்க்கும்தோறும் தூசி எழுகிறது.

சில நாள் கழித்து நண்பரிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். அவர் வாதாடவில்லை. மேடையின் மூலையில் கைவைத்து நெடுநேரம் நின்றிருந்தார். பிறகு, “அந்தத் தம்பியின் பெயரைக்கூட நான் கேட்கவில்லையே” என்றார். நாமும் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டோம். அன்பர்களே, உங்கள் வீட்டில் அடுத்த கல் அறுபடும்முன், அறுக்க வருபவரின் பெயரையாவது முதலில் கேளுங்கள். பெயரறிந்த ஒருவரைத் தூசியில் விட்டுக் கதவைச் சாத்துவது அத்தனை எளிதன்று.