வடித்த நீரும் வடியாத நஞ்சும்

நீரை வடித்தருந்தும் மரபினர் நாம். சிற்றுயிரும் மடியலாகாதென்பதே நோக்கம். காரைக்குடியில் இரும்புத் தோசைக்கல்லை நீக்கி ஒட்டாப் பூச்சுச் சட்டியை அடுப்பேற்றிய இல்லங்கள் பல; நம் இல்லமும் விலக்கன்று. அப்பூச்சின் தயாரிப்பில் பல்லாண்டுகள் பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. என்னும் வேதிப்பொருள் நீரிலும் மண்ணிலும் சிதைவதில்லை. குருதியில் ஆண்டுக்கணக்கில் தங்கும். 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதனை ஒழிக்கவேண்டியவற்றுள் சேர்த்தது. 2023-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, அது புற்றுநோய் விளைப்பதென வகைப்படுத்தியது. நம் வடிதுணியில் அது நிற்காது.

உயிரில்லா இடத்தை உற்றுநோக்கியே எதனையும் கழிக்கவேண்டும் என்பது துறவியர்க்குரிய உத்சர்க்க சமிதி. குன்றக்குடி ஞானியார் மலைக் கற்படுக்கைகளில் துயின்ற முனிவர்க்கு அத்தகைய இடம் வாய்த்திருக்கும். அழியாப் பொருளுக்கு அவ்விடம் எங்கே? அறியாது வாங்கினோம், மெய்தான். அறிந்தபின்னும் வாங்குவது கவனப்பிழையாகிய பிரமாதமன்றோ? மாற்றாக வந்தவற்றுள்ளும் பல அவ்வினத்தவையே. கீறல் விழுந்த சட்டி நம் பரணில் கிடக்கிறது. எறியவும் ஒவ்வவில்லை, பிறர்க்கு ஈயவும் ஒவ்வவில்லை.