முழங்கை யாருடைய சொத்து?

கையை மடக்கும்போது முழங்கையில் இழுபடும் தோல் மேற்கையைச் சேர்ந்ததா, முன்கையைச் சேர்ந்ததா? அரிஸ்டாட்டில் மூட்டைக் கூர்ந்து பார்த்தவர். அங்கே குழிவும் குவிவும் ஒன்றாய்ப் பொருந்தியிருக்கின்றன. ஒன்று நிலைத்து நிற்க, மற்றது அசைகிறது. சொல்லால் அவற்றைப் பிரிக்கலாம், இடத்தால் பிரிக்க முடியாது என்றார்.

கணினியில் மனித உருவம் செய்பவர்களுக்கு இப்படிச் சொல்லி நழுவ வழியில்லை. எண்ணாகப் பதில் தர வேண்டும். உள்ளே எலும்புச் சட்டம், மேலே ஆயிரக்கணக்கான புள்ளிகள் கோத்த தோல். ஒவ்வொரு புள்ளியிலும் எந்த எலும்புக்கு எவ்வளவு பங்கு என்பதற்கு 'வெயிட்' என்று பெயர். முன்கையின் நடுப்புள்ளி முழுக்க ஒரே எலும்புக்கு. மூட்டுப்புள்ளி பாதிக்குப் பாதி. இரண்டு எலும்புகளும் அதைத் தனித்தனியே எங்கே கொண்டுபோகும் என்று கணக்கிட்டுச் சராசரி எடுப்பார்கள். நல்ல பாகப்பிரிவினைதான்.

ஆனால் முன்கையை 180 டிகிரி முறுக்கிப் பாருங்கள். ஓர் எலும்பு புள்ளியை இருந்த இடத்திலேயே விடுகிறது. மற்றது நேர் எதிர்ப்பக்கம் கொண்டுபோகிறது. சராசரி, நட்டநடு. மூட்டைச் சுற்றிய புள்ளிகள் எல்லாம் எலும்பின் அச்சில் வந்து விழ, கை மிட்டாய்த் தாளின் முறுக்குப்போல் ஒடுங்கிவிடும். துறையில் இதற்கு மிட்டாய்த் தாள் கோளாறு என்றே பெயர். 90 டிகிரிக்கே பருமனில் சுமார் 30 சதவீதம் போய்விடும்.

2007-இல் லாடிஸ்லாவ் காவன் குழு, கணிதவியலாளர் கிளிஃபோர்டின் 19-ஆம் நூற்றாண்டுக் கணிதத்தைக் கொண்டு இந்த ஒடுக்கத்தைத் தீர்த்தது. பதிலுக்கு, மடக்கிய மூட்டு புடைத்தது!

வெட்டுண்ட கை பெயரளவில்தான் கை, முழுமையே உறுப்புக்கு முந்தியது என்றும் அரிஸ்டாட்டில் சொல்லியிருக்கிறார். 2015-இல் வந்த எஸ்எம்பிஎல் உடல் மாதிரி கிட்டத்தட்ட இந்தக் கட்சி. அதன் தோலில் 6890 புள்ளிகள். உண்மை மனிதர்களின் ஸ்கேன்களிலிருந்து கற்ற திருத்தங்கள். எந்த மூட்டு அசைந்தாலும் எந்தப் புள்ளியும் நகரலாம். பழைய கோளாறுகள் பெரும்பாலும் அடங்கின. ஆனால் ஒரு முழங்கையை மடக்கினால், சும்மா இருந்த மறு முழங்கையும் லேசாகப் புடைத்தது. ஸ்கேனுக்கு நின்றவர்கள் இரு கைகளையும் சேர்த்தே மடக்கியிருந்தால், கணினி அதை உடலின் இயல்பென்று எடுத்துக்கொள்ளாமல் என்ன செய்யும்?

2020-இல் ஸ்டார் என்ற மாதிரி வந்தது. அதில் ஒரு மூட்டின் ஆளுகை சில புள்ளிகளோடு நிற்கும். எந்தப் புள்ளிகள் என்பதை யாரும் கையால் வரையவில்லை. அந்த எல்லையையும் கணினி ஸ்கேன்களிலிருந்தே கற்றது.