ஒளித்துத் தின்கிற பிள்ளை

அண்ணன் மகனுக்கு ஒன்பது வயது. ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த கோளாறு, என்று மருத்துவர் சொல்லி ஓராண்டு ஆகிறது. துவைக்கப் போடுவதற்காக அவன் தலையணை உறையை உதறினேன். சாக்லேட் தாள்கள் கொட்டின. எடுத்துத் தின்றது எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஒவ்வொரு தாளும் ஓரத்தோடு ஓரம் பொருந்த, நகத்தால் நீவி, ஒரே அளவுச் சதுரமாக மடிக்கப்பட்டிருந்தது. அதுதான் தூங்கவிடவில்லை. பாதிப் பொத்தானோடு ஓடுகிறவன், நாள்தோறும் பென்சிலைத் தொலைக்கிறவன். இவ்வளவு பொறுமை அந்த விரல்களுக்கு எங்கிருந்து வந்தது?

“இனிப்பு உள்ள போனா இவன் ஆட்டம் கூடுது, நீயே பாக்குறல்ல” என்றார் அண்ணி. பல வீடுகளில் இதே பேச்சுதான். 1994-இல் ஹூவர், மிலிச் என்ற ஆய்வாளர்கள் இருவர் அமெரிக்காவில் 35 சிறுவர்களுக்குச் சர்க்கரையே இல்லாத இனிப்புப் பானம் கொடுத்தார்கள். பாதித் தாய்மாரிடம் மட்டும் அது சர்க்கரை என்றார்கள். அந்தத் தாய்மாருக்குத்தான் பிள்ளைகள் கூடுதலாக ஆடுவதாகத் தெரிந்தது. அவர்களே பிள்ளையைக் கூடுதலாக ஒட்டி நின்றார்கள்; குறை சொல்வதும் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது.

சர்க்கரை இந்தக் கோளாறை உண்டாக்குவதில்லை. ஆனால் ஆசைப்பட்டதற்குக் காத்திருப்பது இந்தக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கு உண்மையிலேயே கடினம். போதாததற்கு, இதற்காக இவன் சாப்பிடும் மெத்தில்பெனிடேட் மாத்திரை பகலில் பசியை அடக்கிவிடுகிறது. மத்தியானச் சோறு பாத்திரத்தோடு திரும்பி வருகிறது. மருந்தின் வேகம் தணிந்த மாலையில் பசி மொத்தமாக வந்து நிற்கிறது. அப்போது எடுத்துத் தின்பதைத் திருட்டு என்று மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் சிறுவயதில் கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், சுக்கும் மிளகும் மணக்கும் பண்டகசாலை வாசல்களில் வெல்ல மூட்டைகள் கிடக்கும். சாக்குத் துளையில் விரல் விட்டுச் சுரண்டித் தின்போம். மூட்டை தூக்கும் சேட்டன்மார் பார்த்துவிட்டு “மதி, மதி” (போதும், போதும்) என்பார்கள். கையைப் பின்னால் மறைத்ததாக நினைவில்லை. இவனோ மடித்து மடித்து மறைத்திருக்கிறான். பயம்தான் அவனுக்கு அந்தக் கவனத்தைக் கொடுத்ததோ?

வெண்ணெய் களவாடி உரலில் கட்டுண்ட கண்ணனைப் பாடவந்த நம்மாழ்வார், அதற்குமேல் பாட முடியாமல் ஆறு மாதம் மயங்கிக் கிடந்தார் என்பார்கள் வைணவர்கள். களவு அவரை உலுக்கவில்லை. கட்டுண்ட பிள்ளை ஏங்கியதுதான் உலுக்கியது. அண்ணியிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். அவருக்குப் பல்வலியும் எடையும் தெரிகின்றன. அந்தக் கவலையும் நியாயம்தான்.

சாக்லேட் டப்பாவைப் பூட்டாமல் விட்டால் அளவோடு நிறுத்துவானா? மாட்டான் என்றே பாதி மனம் சொல்கிறது. பூட்டினால் இன்னும் நன்றாக ஒளிப்பான் என்கிறது மறுபாதி. வீட்டில் குறைவாக வாங்கலாம், மாலைக்குச் சுண்டலோ தோசையோ தயாராக வைக்கலாம், இனிப்பை எல்லோரும் உட்கார்ந்து சேர்ந்தே தின்னலாம் என்று சொல்லியிருக்கிறேன். அது போதுமா என்று எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டுப் பிள்ளை ஒளித்துத் தின்றது தெரியவந்தால், எத்தனை தின்றாய் என்பதற்கு முன், மத்தியானம் சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.