ஆணையும் இசைவும்

பத்து காஜாவில் ‘காவல்’ என்னும் சொல்லுக்குச் சான்றுகள் இரண்டு உள. ஒன்று, 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் உயிர்நீத்த படைவீரர், காவலர், தோட்டத்துரைமார் பலர் உறங்கும் கல்லறைத் தோட்டம். மற்றொன்று, நகருக்கு அண்மையில் கெல்லி மாளிகையருகே உள்ள மாரியம்மன் கோயில். கொள்ளைநோயில் தம்மவரைப் பறிகொடுத்த தமிழ்த் தொழிலாளர் வேண்ட எழுந்தது அது என்பர். படைவீரனின் காவலுக்கு எதிரே பகைவன் நிற்கிறான். நோயினின்று காப்போருக்குப் பகைவன் எவனும் இல்லை. முன்னதிலே பழகிய மனம் பின்னதற்குத் தகுதி பெறுமா?

ஆர்க்காட்டைத் தம் பெயரிலேயே தாங்கிய மருத்துவர் ஏ. ஜி. ரங்கராஜின் வாழ்வு இவ்வினாவிற்கு ஒருவாறு விடை பகர்கிறது. கொரியப் போருக்கு இந்தியா போரிடும் படையை அனுப்பவில்லை. 60ஆவது வான்குடைக் கள மருத்துவப் பிரிவையே அனுப்பியது. 1950 நவம்பரில் அங்குச் சென்ற அப்பிரிவின் தலைவர் அவரே. அடுத்த மாதம் பியோங்யாங்கிலிருந்து படைகள் பின்வாங்கியபோது, மருத்துவக் கருவிகளைக் கைவிட மனமின்றி, பழைய நீராவி எஞ்சின் ஒன்றைத் தாமே இயக்கி அவற்றைக் காத்தனர் அப்பிரிவினர். பிரிவின் ஒரு பகுதி போர்முனையில் நிற்க, மறுபகுதி தேகு நகரில் பொதுமக்களுக்கும் மருத்துவம் செய்தது. ரங்கராஜுக்கு மகாவீர் சக்கர விருது கிட்டியது.

படைப்பணி முடிந்தபின் அவர் உலகச் சுகாதார நிறுவனத்தில் சேர்ந்து, ஆப்கானிஸ்தானில் பெரியம்மையை ஒழிக்கும் பணியை மேற்கொண்டார். வண்டி செல்லாத மலைச்சிற்றூர்கள். அம்மைப் பொருக்கைக் கொண்டே நோயேற்றும் பழைய வழக்கம். அயலார்முன் வர இயலாத பெண்கள். படையில் கற்ற திட்டமிடலும் துன்பம் பொறுக்கும் உரமும் அங்கே பயன்பட்டிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், படையிலே இன்றியமையாத ஒன்று அங்கே செல்லாக்காசாகிறது. அதுவே ஆணை. வீரனை நோக்கி ‘முன்னேறு’ எனலாம். அன்னையை நோக்கி ‘குழந்தையைக் கொடு’ எனலாமா?

ஆணையிட்டால்தான் என்ன, உயிர்தானே பிழைக்கிறது என்பார் உளர். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. 1973 முதல் 1975 வரை, தெற்காசியாவில் அவ்வொழிப்புப் பணி இறுதிக் கட்டத்தை எட்டியபோது, சில இடங்களில் மக்கள் மறுத்தும் வலிந்து ஊசி குத்தியதுண்டு. நோய் ஒழிந்தது, 1980இல் உலகம் பெரியம்மையினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. பயனைக் கண்டபின் வழியைக் குறைகூறுவது நன்றி மறத்தல் ஆகாதோ?

ஆகாது என்பதே என் கருத்து. வலிந்து காக்கப்பட்டவன் உயிர் பிழைக்கிறான். எனினும் காத்தவனை அஞ்சுகிறான். அடுத்த கொள்ளைநோய் வரும் நாளில் அவன் கதவைத் தாழிடுவான். அப்போது முதற்காவலே இரண்டாம் காவலுக்குத் தடையாகிவிடும். படைக்கலம் ஏந்தாதவனுக்கு மக்களின் நம்பிக்கையே கேடயம். அதனைத் தானே உடைத்துக்கொள்பவன் எதைக்கொண்டு எவரைக் காப்பான்?

வள்ளுவர் படைமாட்சியைப் பொருட்பாலிலும் அருளுடைமையை அறத்துப்பாலிலும் வைத்தார். ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்பவன் வீரத்தைத் துறக்க வேண்டியதில்லை; ஆணையிடும் உரிமையைத் துறத்தல் வேண்டும். சாவுக்கு அஞ்சாதவன் பிறர் வாசலில் பணிந்து நின்று இசைவு கேட்கக் கற்பது எளிதன்று. அதனைக் கற்ற நாளிலேயே அவன் காவலன் என்னும் பெயருக்கு முழுத் தகுதி பெறுகிறான்.