கட்டளையும் வேண்டுகோளும்

எட்டு வயதுப் பையன் ஒருவன் நாள் முழுவதும் கட்டளையிட்டுக்கொண்டே இருந்தால், அவன் ஓர் அரசகுமாரனாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் கதை எழுதியிருப்போம். இன்று அவன் என் மகன். அவன் கையில் இருப்பது செங்கோல் அன்று, கைபேசி. “பாட்டுப் போடு”, “நிறுத்து”, “காலையில் ஆறு மணிக்கு எழுப்பு”, “மாமாவுக்கு ஃபோன் போடு” என்று அவன் சொல்லச் சொல்ல, அந்தக் கருவி அலுக்காமல் செய்கிறது. கண்பார்வை மங்கிய என் தாயாரும் எண்களைத் தேடித் தடவாமல், இப்படித்தான் ஊரிலுள்ள தம் தங்கையை அழைக்கிறார். ஆகவே இந்த வசதியைப் பழிக்க எனக்கு மனமில்லை.

ஆனால் சென்ற வாரம் ஒரு சிறு சம்பவம் நடந்தது. எங்கள் வீட்டில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை செய்யும் ஆயா கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அறுபது வயதிருக்கும். பையன் தலையைக்கூட நிமிர்த்தாமல், “தண்ணி கொண்டா!” என்றான். கைபேசியிடம் பேசும் அதே குரல்.

என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. “பெரியவங்ககிட்ட இப்படியா பேசறது? எல்லாம் அந்த ஃபோன் செய்யற வேலை!”

நானும் அப்படித்தான் நினைத்தேன். இயந்திரத்தால் கெடும் குழந்தைகளைப் பற்றி இந்தப் பக்கங்களில் ஒரு கட்டுரை எழுதவும் தீர்மானித்துவிட்டேன். அதற்குள் ஆயா சிரித்துக்கொண்டே சொன்னாள்: “விடுங்கம்மா. கொழந்தை அப்படியே ஐயா மாதிரியே பேசுது.”

அவள் அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள். எனக்கோ, எழுத நினைத்த கட்டுரை அங்கேயே செத்துப்போயிற்று.

இயந்திரத்திடம் மரியாதையாகப் பேச வேண்டுமா என்ற கேள்வி உலகில் பலருக்கு எழுந்திருக்கிறது. அமெஸான் நிறுவனம் 2018-இல், ‘தயவுசெய்து’ என்று கேட்கும் குழந்தைகளைப் பாராட்டும்படி தன் பேசும் கருவியில் ஓர் ஏற்பாடு செய்தது. நல்ல எண்ணந்தான். ஆனாலும் மரியாதை என்பது ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறதா?

மனிதரோடு உரையாடுவதுபோல் பதில் எழுதும் நிரல் ஒன்றை அமெரிக்கப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் 1966-இல் உலகுக்கு அறிவித்தார். இன்றைய சாட்பாட்டுகளின் மூதாட்டி அது. அதற்கு அவர் இட்ட பெயர் எலிசா. பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தில் வரும் பூக்காரப் பெண்ணின் பெயர். அவளுக்கு உயர்குடிப் பேச்சைக் கற்பித்தவர் ஒரு பேராசிரியர். ஆனால் அவளுக்குத் தன்மதிப்பைத் தந்தவர் அவர் அல்லர். அவளை மரியாதையோடு விளித்துப் பேசிய அவருடைய நண்பர். பேசும் இயந்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்று தோன்றுகிறது.

யோசித்துப் பார்த்தால், கட்டளைக்கும் வேண்டுகோளுக்கும் உள்ள வேறுபாடு ‘டா’விலும் ‘ங்கள்’ளிலும் மட்டும் இல்லை. வேண்டுகோளில், ‘முடியாது’ என்று சொல்ல எதிரிலிருப்பவருக்கு ஓர் இடம் இருக்கிறது. கைபேசிக்கு இடுப்பு வலிக்காது; அதற்கு அந்த இடம் தேவையில்லை. அதனிடம் ‘போடு’ என்பதில் பாவம் ஒன்றும் இல்லை. பாவம், ‘முடியாது’ என்று சொல்லக்கூடிய ஒருத்திக்கு அந்த இடத்தைக் கொடுக்காமலே பன்னிரண்டு ஆண்டுகளைக் கழித்ததில் இருக்கிறது. இயந்திரம் என் மகனைக் கெடுக்கவில்லை. கருவி வாங்குமுன்பே என் வீட்டில் ஒரு மனுஷியை நான் கருவியாக்கி வைத்திருந்தேன். அவன் பார்த்தான், கற்றுக்கொண்டான்.

மறுநாள் காலை துணிந்து, “ஆயா, கொஞ்சம் தண்ணி கொண்டு வர முடியுங்களா?” என்றேன். நாக்கு இடறிற்று.

அவள் துடைப்பதை நிறுத்திவிட்டுத் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள்.

“என்னங்க ஐயா, ஒடம்புக்கு ஏதாவது?”

எழுந்து போய் நானே தண்ணீர் எடுத்துக் குடித்தேன்.