நம்பியவரும் உரசிப் பார்த்தார்

விருத்தாசலத்துக்காரர்களுக்குச் சுந்தரர் கதை தண்ணீர் பட்ட பாடு. திருமுதுகுன்றம் என்ற பழம்பெயர் கொண்ட இந்த ஊரின் ஈசனிடம் பன்னிரண்டாயிரம் பொன் வாங்கினார், மணிமுத்தாற்றில் போட்டார், திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடிய கதை என்று பெரும்பாலோர் அதோடு முடித்துவிடுவார்கள். 12-ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் அங்கே நிறுத்தவில்லை. பொன்னை ஆற்றில் விடுவதற்கு முன்பே சுந்தரர் அதில் ஒரு துண்டை மச்சமாக, அதாவது ஒத்துப் பார்க்கும் மாதிரியாக, வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் கிடைத்த பொன்னை அந்த மச்சத்தோடு ஒத்துப் பார்த்தபோது மாற்று குறைந்திருந்தது. கொடுத்தவர் சிவபெருமான் ஆயிற்றே என்று அவர் பேசாமல் போகவில்லை. மறுபடி பாடினார். மாற்று சரியான பிறகுதான் பொன் வீடு போய்ச் சேர்ந்தது.

தம்பிரான் தோழர் என்றே பெயர் வாங்கியவர் அவர். உரைத்துப் பார்த்ததால் அவருடைய பக்தி ஒரு குன்றிமணியும் குறைந்ததாகச் சைவ உலகம் நினைத்ததில்லை.

வயதான தாயையோ தகப்பனையோ ஓர் இல்லத்தில் சேர்க்க நேரும் வீடுகளில் இந்தக் கதைக்கு வேலை இருக்கிறது. அங்கே இரண்டு பயங்கள் ஒன்றாக வருகின்றன. பெற்றவளைக் கொண்டுபோய் விடுவது பாவமில்லையா என்பது ஒன்று. அங்கே எப்படிப் பார்த்துக்கொள்வார்களோ என்பது மற்றொன்று. பெரும்பாலும் முதல் பயம் இரண்டாவதை விழுங்கிவிடுகிறது. குற்ற உணர்வோடு போகிறவர் மேலாளரிடம் கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறார். இவ்வளவு அக்கறை இருந்தால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று திருப்பிக் கேட்டுவிட்டால்? முன்பணம் கட்டி, கையெழுத்துப் போட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

பாவமா என்ற கேள்விக்கு விருத்தாசலம் கோயிலிலேயே இன்னொரு கதை இருக்கிறது. குரு நமசிவாயர் என்ற சிவனடியார் பசியோடு இங்கே இரவு தங்கினார். கோயில் அம்மனான பெரியநாயகியைக் கிழத்தி என்று விளித்துச் சோறு கேட்டுப் பாடினார். கிழவி உருவிலேயே வந்து நின்ற அம்மன், இந்தத் தள்ளாத வயதில் நான் எப்படியப்பா சோறு சுமந்து வருவேன் என்று கேட்டாளாம். அவர் இளமையாக மாற்றிப் பாடிய பிறகே இளம்பெண்ணாக வந்து அமுது படைத்தாளாம். பாலாம்பிகை சன்னதிக்கு ஊர் சொல்லும் வரலாறு இது.

பாடி இளமையாக்கும் வரம் குடும்பங்களுக்கு இல்லை. ஆனால் அம்மன் கேட்ட கேள்வி வீடுகளில் கேட்கிறது. 90 வயது மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கே 66 வயது. அவளுக்கும் சர்க்கரை, அவளுக்கும் முழங்கால் வலி. எழுந்திருக்க முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப் புண் வந்துவிடும். அன்பு எவ்வளவு இருந்தாலும் இடுப்பு ஒத்துழைக்க வேண்டும். அந்த நிலையில் வெளியே உதவி தேடுவதைத் தர்மம் தவறியதாகச் சொல்ல முடியாது. தேடிக் கிடைத்த உதவியை உரைத்துப் பார்க்காமல் விடுவதில்தான் தவறு தொடங்குகிறது.

எதைக் கொண்டு உரைப்பது? அமெரிக்கா இதற்கு நட்சத்திரம் போட்டுப் பார்த்தது. அங்கே மூத்தோர் மருத்துவக் காப்பீட்டை நடத்தும் அரசு அமைப்பு, 2008 டிசம்பரில் நர்சிங் ஹோம்களுக்கு ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை தரத் தொடங்கியது. ஆய்வாளர்கள் நேரில் கண்ட குறைகள், செவிலியர் எண்ணிக்கை, படுக்கைப் புண் போன்ற மருத்துவக் கணக்குகள் என மூன்று அளவுகள். முதலாவதை அதிகாரிகள் எழுதினார்கள். மற்ற இரண்டையும் இல்லங்களே எழுதிக் கொடுத்தன. விளைவு எதிர்பார்க்கக் கூடியதுதான்: ஐந்து நட்சத்திரம் வாங்கிய சில இல்லங்களில் மோசமான கவனிப்பு இருந்ததை 2014-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. பிறகு சம்பளப் பட்டியலை வைத்து ஆள் கணக்கைச் சரிபார்க்கும் முறை வந்தது. 2022-இல் வார இறுதியில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், ஆண்டுக்கு எத்தனை பேர் வேலையை விட்டுப் போகிறார்கள் என்பவையும் மதிப்பீட்டில் சேர்ந்தன.

அந்தக் கடைசிச் சேர்க்கை ஒரு பழைய சிக்கலைத் தொடுகிறது. ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில் வள்ளுவர் இரண்டு எச்சரிக்கைகளைச் சேர்த்தே வைக்கிறார். ஆராயாமல் ஒருவரை நம்பினாலும் துன்பம், ஆராய்ந்து நம்பியவரைச் சந்தேகித்தாலும் துன்பம். அப்படியானால் ஒருமுறை நன்றாக விசாரித்துச் சேர்த்துவிட்டு, அப்புறம் நிம்மதியாக இருந்துவிடலாமே? தாம் நம்பியவர் கொடுத்ததையும் சுந்தரர் ஏன் உரைத்தார்?

வள்ளுவர் பேசுவது ஓர் ஆளைத் தெரிந்தெடுப்பது பற்றி. இல்லம் ஓர் ஆள் இல்லை. சேர்க்கும் அன்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்ட ஆயா மூன்று மாதத்தில் வேறு வேலைக்குப் போயிருப்பார். பகலில் சிரித்த முகத்தோடு இருக்கும் வார்டு, இரவில் முப்பது பேருக்கு ஒருவர் என்று ஆகியிருக்கலாம். விருத்தாசலத்துச் செராமிக் பட்டறைகளில் சூளையிலிருந்து இறக்கிய கோப்பையைச் சுண்டினால் கணீரென்ற சத்தமோ விரிசலின் மொத்தைச் சத்தமோ அப்போதே தெரிந்துவிடும். சுட்ட கோப்பை அதற்கு மேல் மாறாது. இல்லமோ ஷிப்டுக்கு ஷிப்டு மாறுகிறது. நேற்று நம்பிய இடத்தை இன்று பார்க்கப் போவது, நம்பியவரைச் சந்தேகிப்பதாகாது. நேற்றைய ஆள் இன்று அங்கே இல்லை.

பார்க்கப் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். பக்கத்து மாவட்டமான விழுப்புரத்தில், குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமத்தில் சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைத் தேடி அமெரிக்காவில் இருந்த உறவினர் வந்தபோது, அவரைப் பெங்களூருக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். அங்கேயும் அவர் இல்லை. ஆட்கொணர்வு மனு சென்னை உயர்நீதிமன்றம் போனது. 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் உள்ளே நுழைந்தபோது, இடம் அனுமதி இல்லாமலே நடந்துவந்தது தெரிந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். சித்திரவதைப் புகார்கள் வந்தன, வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. கேட்க ஓர் உறவினர் வந்ததால்தான் கதவு திறந்தது. கேட்க ஆளில்லாதவர்களும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருந்தார்கள்.

நம் சட்டத்தின் பார்வை பெரும்பாலும் பிள்ளைகள் மேல் இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. பெற்றோரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை உண்டு. மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 ஏழை முதியோர் தங்கும்படி இல்லம் அமைக்கவும் அது சொல்கிறது. கட்டணம் வாங்கும் இல்லங்களைத் தரம் பிரித்து மக்கள் பார்வைக்கு வைக்கும் ஏற்பாடு அதில் கிடையாது. குறைந்தபட்சத் தரத்தை வரையறுக்க 2019-இல் மக்களவைக்கு வந்த திருத்த மசோதா சட்டமாகவில்லை.

ஆகவே மச்சத்தைக் குடும்பமே வெட்டி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சேர்க்கும் அன்றைய எடை, தோல் எப்படி இருந்தது, எத்தனை அடி நடந்தார், எந்தெந்த மாத்திரை, யார் பெயரெல்லாம் நினைவில் இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தால், அடுத்தடுத்த முறை ஒத்துப் பார்க்கலாம். குதிகாலையும் இடுப்புக்குக் கீழேயும் பார்த்தால் படுக்கைப் புண் தெரியும். தண்ணீர்ச் செம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறதா, புதிதாகத் தூக்க மாத்திரை சேர்ந்திருக்கிறதா? இதற்கெல்லாம் மருத்துவப் படிப்பு வேண்டாம்.

எந்த நட்சத்திரமும் எட்டாத ஓர் அளவும் உண்டு. விருத்தகாசி என்று பெயர் பெற்ற விருத்தாசலத்தில் உயிர் விடுபவரை அம்மன் மடியில் கிடத்தி முந்தானையால் விசிறுவாள், ஈசன் காதில் உபதேசம் செய்வார் என்பது ஐதிகம். ஒரு மடி, கொஞ்சம் காற்று, காதோரம் ஒரு பேச்சு. முக்தியையே தரும் இடத்தில்கூட இவை இல்லாமல் கதை சொல்ல முன்னோருக்கு மனம் வரவில்லை. இல்லத்துக்குக் கட்டும் பணத்தில் காற்று அடங்கும், சில சமயம் மடியும் கிடைக்கும். காதோரப் பேச்சுக்கு ரசீது கிடையாது. அதற்குப் பிள்ளைகள்தான் போக வேண்டும். மாதம் ஒருமுறை பணம் அனுப்பும் அண்ணனும், பக்கத்துத் தெருவில் இருக்கும் தங்கையும் யார் எந்த ஞாயிற்றுக்கிழமை போவது என்று முறை வைத்துக்கொள்ளலாம். சொல்லிவிட்டுப் போக வேண்டியதில்லை. ஆள் குறைவாக இருக்கும் மத்தியான நேரமாகப் பார்த்து, நோட்டையும் எடுத்துக்கொண்டு போனால் சரி.